ஐந்தாவது வட்டம்

அத்தியாயம் 11

ஒன்பது நாளாக ஹியாம் கண்ணாடி பார்க்கவில்லை. வீட்டிலிருந்த மூன்று கண்ணாடிகளுக்கும் துணி போட்டு மூடியிருந்தாள். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை, இது இவளாக எடுத்த முடிவு. முழுசாக ஆறட்டும், ஒரேயடியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். நாற்பது வருடம் காத்திருந்தவளுக்கு இன்னும் பத்து நாள் பெரிய காரியமா என்ன.

ஏழு வயதில், சிரியாவின் அலெப்போவில் மணல் ஈ கடித்தது. அங்கே அதற்கு வருஷக் கட்டி என்று பெயர். வந்தால் ஒரு வருடம் ஆறாது, ஆறிப் போகும்போது குழியை விட்டுவிட்டுப் போகும். பிறந்த ஊரில் பாதிப் பேர் முகத்தில் அது இருந்ததால் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. கல்யாணமாகி ஜோர்டானின் அம்மான் நகரத்துக்கு வந்த முதல் வாரமே ஹியாம் முகத்தை மறைக்கக் கற்றுக்கொண்டாள். இடது கன்னத்தில் மூன்று, மோவாயில் ஒன்று, வலது கன்னத்தில் இரண்டு. ஆறும் அவளுக்கு மனப்பாடம்.

இப்போது மகள் ஜுமானுக்கு நிச்சயதார்த்தம் வைத்தாகிவிட்டது. இன்னும் பத்தொன்பது நாள். மாப்பிள்ளை வீட்டார் ஸல்த் ஊர்க்காரர்கள், எதற்கெடுத்தாலும் போட்டோ எடுக்கிற கூட்டம். ஒரு நாளாவது இடது பக்கத்தைத் திருப்பாமல் போட்டோவுக்கு நிற்க வேண்டும் என்று ஹியாம் ஆசைப்பட்டாள். அதற்குத்தான் இந்த லேசர்.

விஷயம் தெரிந்தது மூன்றே பேருக்கு. சிகிச்சை செய்த டாக்டர் ஃபர்யால், கணவர் முன்தர், தங்கை விஸால். இர்பித்தில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. மகள் நிச்சயத்துக்கு அம்மா முகத்தைப் பழுது பார்த்துக்கொண்டாள் என்று ஊர் சிரிக்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் கண் வலி, ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி வைத்திருந்தாள். பார்த்த இடத்தில் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைக்கிற பெண்களைத் தள்ளி நிறுத்த அதைவிட நல்ல பொய் கிடைக்காது.

முதல் ஐந்து நாள் எல்லாம் சொன்னபடியே நடந்தது. டாக்டர் ஃபர்யால் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். முகம் உலரவே கூடாது. வாசனை இல்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடிமனாகப் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியை ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. தோல் தானாக உதிரும், நகம் வைத்துக் கிள்ளினால் புதுக் குழி உறுதி. வெயில் ஆகவே ஆகாது.

ஆறாம் நாளிலிருந்து சாதாரண ஈரப்பசை கிரீமுக்கு மாறலாம் என்றிருந்தாள். முன்தர் மருந்துக் கடை வைத்திருப்பவர். வேறு யாரிடம் போவது? தம் கடையிலிருந்தே வெள்ளைப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து விஸால் கையில் கொடுத்தார். அடுத்த தெருவில் அழகு நிலையம் நடத்துகிற விஸால், காலையும் மாலையும் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து அக்காவின் முகத்தில் பூசினாள். தங்கை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஹியாம் முந்தாநாள்கூட நினைத்தாள். நினைப்புக்கு என்ன, ஆயிரம் நினைக்கலாம்.

அந்தப் புட்டியைத் திறந்தால் ரோஜா வாசனை வந்தது. அம்மா இருந்தவரை சோற்றைத் தவிர எல்லாவற்றிலும் ரோஜாத் தண்ணீர் தெளிப்பாள். முதல் நாள் அந்த வாசனை பட்டதும் ஹியாமுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் முகம் அன்றிலிருந்து வேறு வழியில் போக ஆரம்பித்தது. இழுத்துக் கட்டியது போல் இறுகியது. பூசிய அரை மணியில் காய்ந்து, செதில் செதிலாகக் கிளம்பியது. சிரித்தால் எரிந்தது, சிரிக்காவிட்டாலும் எரிந்தது. கேட்டதற்கு, பழைய தோல் போகும்போது அப்படித்தான் இருக்கும் என்றாள் விஸால். அப்படித்தான் என்றார் முன்தரும். வீட்டிலேயே ஒரு மருந்துக்கடைக்காரரும் ஒரு அழகுக்கலைக்காரியும் இருக்கும்போது டாக்டரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று ஹியாம் பேசாமல் இருந்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை ஒன்பதரைக்குக் கதவு தட்டப்பட்டது. எதிர் வீட்டு உம் நிஸார், போன வாரம் வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாதென்று நாலு ஆலிவ் ஊறுகாயும் போட்டிருந்தாள். ஹியாம் தலைத்துணியை மூக்குவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு கதவைப் பாதி திறந்தாள்.

பிள்ளை பேரைச் சொல்லி அம்மாவைக் கூப்பிடுகிற ஊர் வழக்கப்படி உம் நிஸார் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

"நயீமன், உம் ஜுமான்."

நயீமன் என்பது குளித்துவிட்டு வந்தவருக்கும் முடி வெட்டிக்கொண்டு வந்தவருக்கும் அந்த ஊரில் சொல்கிற ஒற்றை வார்த்தை. சுகமாக இருக்கட்டும் என்று பொருள். காதில் விழுந்தால் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். உங்களுக்கும் அந்தச் சுகம் கிடைக்கட்டும் என்று ஹியாமும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது. அவள் குளித்து இரண்டு நாள் ஆகிறது. முடியைத் தலைத்துணி மூடியிருக்கிறது. எதற்கு நயீமன்?

"எதுக்குச் சொல்றீங்க?"

"அட, என்கிட்ட என்ன மறைப்பு? கண் வலின்னு சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்." உம் நிஸார் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் அந்தக் கலவையில ஒரு புட்டி சொல்லி வையி. உன் தங்கச்சி கேட்டா தீர்ந்துபோச்சுங்கறா."

எந்தக் கலவை என்று ஹியாம் கேட்பதற்குள் உம் நிஸாரே தன் போனை எடுத்து நீட்டினாள்.

விஸாலின் அழகு நிலையப் பக்கம் அது. இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் படுத்திருக்கிற ஒரு பெண்ணின் இடது கன்னம், காது, மோவாய். கண் தெரியாதபடி படத்தின் மேல்பாதியை வெட்டியிருந்தார்கள். குழிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டங்கள். மற்றொன்றில் அதே கன்னம், இளஞ்சிவப்பாக, மழமழவென்று. கீழே எழுதியிருந்தது: லேசர் இல்லை, ஊசி இல்லை, எங்கள் வீட்டுக் கலவை மட்டும்.

"முகம் முழுசா இல்லதான்," என்றாள் உம் நிஸார் பெருமையாக. "அந்த நீலக்கல் சங்கிலிய வெச்சுக் கண்டுபிடிச்சிட்டேன்."

ஹியாமின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அம்மா போட்டுவிட்ட சங்கிலி, தூங்கும்போதும் கழற்றுவதில்லை. எதையோ சொல்லிக் கதவைச் சாத்தியவள் அதன் மேலேயே சாய்ந்து நின்றாள். எதிர் வீடு பார்த்தாகிவிட்டது என்றால் ஸல்த் எவ்வளவு தூரம்?

ஆனால் அவளை அதிகம் அடித்தது அந்தக் கடைசி வரிதான். எங்கள் வீட்டுக் கலவை. சமையலறை மேடையில் வெள்ளைப் புட்டி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

டாக்டர் ஃபர்யாலுக்குப் போன் செய்தாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த கிரீம்ல வாசனை இருக்கா?"

"இருக்கு. ரோஜா."

டாக்டர் நிதானமாகச் சொன்னாள். இப்போதே பச்சைத் தண்ணீரில் முகத்தைக் கழுவ வேண்டும். பழையபடி வெறும் ஜெல்லியைப் பூசிக்கொண்டு இருட்டறையில் இருக்க வேண்டும். நாலு மணிக்குப் புட்டியோடு வர வேண்டும். அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. நிறம் வெளுக்க வைக்கிற மருந்து ஏதாவது இருந்தால் புதுத் தோல் தாங்காது.

"தாங்கலைன்னா என்ன ஆகும், டாக்டர்?"

"கறுத்துப் போயிடும். குழிய நாம லேசர்ல சரி பண்ணிட்டோம். கறுப்ப அவ்வளவு சுலபமா சரி பண்ண முடியாது. புட்டிய யார்கிட்டயும் குடுத்துடாதீங்க."

பதினொரு மணிக்கு விஸால் வழக்கம்போல் படியேறி வந்தாள். வரும்போதே பேச்சு. வாடிக்கையாளர் ஒருத்தி தொல்லை செய்ததையும் லிஃப்ட் மறுபடி கெட்டுப்போனதையும் சொல்லிக்கொண்டே கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அக்காவின் எதிரே உட்கார்ந்தாள். அப்போதுதான் அக்கா முகத்தில் ஜெல்லி ஏற்கெனவே பளபளப்பதைப் பார்த்தாள்.

ஹியாம் போனைத் திருப்பிக் காட்டினாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாள்.

விஸால் முதலில் சிரிக்கப் பார்த்தாள். பிறகு கோபப்படப் பார்த்தாள். இரண்டும் எடுபடவில்லை என்றதும் கெஞ்ச ஆரம்பித்தாள். அக்காவுடைய முகம் என்று யாருக்குத் தெரியும், கண் தெரிகிறதா, மூக்கு தெரிகிறதா என்று கேட்டாள். போன பெருநாள் அன்று தன் வீட்டு சோபாவில் அக்கா மதியத் தூக்கம் போட்டாளே, பழைய படம் அப்போது எடுத்தது, புதுசு கிரீம் பூசும்போது எடுத்து மெருகு போட்டது என்றாள். பிறகு அழுதாள். அவளுக்கு அழுகை எப்போதும் சீக்கிரம் வரும்.

"லேசர் இல்லைன்னு ஏன் போட்டே?" என்றாள் ஹியாம்.

"லேசர்னு போட்டா டாக்டர்கிட்டதானேக்கா போவாங்க. என்கிட்ட எவ வருவா?"

ஹியாமுக்குக் கோபத்திலும் ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையை இவ்வளவு அப்பட்டமாகச் சொல்ல இந்தத் தங்கையால்தான் முடியும். ஆறு வயது இளையவள். பள்ளிக்குத் தலை பின்னிவிட்டவள் ஹியாம். அவள் முகத்தைத்தான் இவள் கடைவீதியில் மாட்டியிருக்கிறாள்.

"புட்டியில என்ன இருக்கு?"

"தெரியாதுக்கா. சத்தியமா."

"தினம் ரெண்டு வேளை பூசற கைக்குத் தெரியாதா?"

விஸால் கண்ணைத் துடைத்துக்கொண்டு புட்டி இருந்த பக்கம் பார்த்தாள், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

ஹியாம் போனை மறுபடி கையில் எடுத்தாள். ஒரு மணி நேரமாக உறுத்திக்கொண்டிருந்தது அது. இந்தப் படத்தில் தெரிவது இடது பக்கம். கன்னத்தில் மூன்று, மோவாயில் ஒன்று, ஆக நாலு வட்டம் இருக்க வேண்டும். ஆனால் ஐந்து இருந்தது. ஐந்தாவது, காது மடலுக்குப் பின்னால், கூந்தல் ஒதுங்கிக் கிடந்த இடத்தில். படம் சின்னது, அந்த வட்டத்துக்குள் நிழல்தான் தெரிந்தது.

"இது எதுக்கு?" என்று அதைத் தொட்டுக் காட்டினாள்.

விஸால் போனை வாங்கி, விரலால் எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள். அவள் முகத்தில் வந்த ஆச்சரியம் நடிப்பில்லை. தங்கை பொய் சொல்லும்போது எப்படி இருப்பாள் என்று ஹியாமுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் முழுசாகப் பார்த்தாள்.

"கை தவறிப் பட்டிருக்கும்," என்றாள் விஸால் மெதுவாக.

"யார் கை?"

விஸால் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஹியாம் தடுக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது தங்கை திரும்பாமலே சொன்னாள்.

"என்னை மட்டும் திட்டாதக்கா."

அவள் இறங்கிப் போகும் சத்தம் அடங்கும்வரை ஹியாம் உட்கார்ந்திருந்தாள். பிறகு படுக்கையறைக்குப் போய், அலமாரிக் கண்ணாடியின் துணியை உருவினாள்.

ஒன்பது நாளாகக் காத்திருந்தது எதற்கோ, கண்ணாடியைத் திறந்தது வேறெதற்கோ ஆகிவிட்டது. கன்னத்தை அவள் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் குழிகள் நிரவிப் போனதையும் அதன் மேல் செதில் எழும்பிச் சிவந்து கிடப்பதையும் சேர்த்தே பார்த்திருப்பாள். மேசையில் துணி சுற்றி வைத்திருந்த கைக்கண்ணாடியைப் பிரித்தெடுத்துக் காதுக்குப் பின்னால் பிடித்து, கூந்தலைத் தூக்கி, பெரிய கண்ணாடிக்குள் தேடினாள். இரண்டு கண்ணாடியும் ஒத்துவர நேரமாயிற்று.

இருந்தது. காது மடல் கழுத்தோடு சேருகிற இடத்தில், ஒரு சின்னக் குழி. அதே வருஷக் கட்டி. நாற்பது வருடம் தலையில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள், ஒரு நாளும் கண்டதில்லை. லேசர் அங்கே போகவுமில்லை.

அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அம்மா போய்ச் சேர்ந்து பதினாறு வருடம். விஸாலுக்குத் தெரியாது, அவள் அப்போது கைக்குழந்தை. முடி வெட்டுகிறவளுக்குத் தெரியும் என்றால், ஹியாம் வாழ்நாளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. தன் முடியைத் தானே வெட்டிக்கொள்கிறவள் அவள். தங்கையின் கடையில்கூடத் தலைத்துணியை எடுத்ததில்லை. பெருநாள் அன்று சோபாவில் தூங்கியதும் தலைத்துணியோடுதான்.

படத்தில் கூந்தல் அவிழ்ந்து கிடந்தது.

ஹியாம் கட்டிலில் உட்கார்ந்தாள். கூந்தலை அவிழ்த்துப் போட்டு அவள் தூங்குவது இங்கே மட்டும்தான். அவள் படுப்பது வலது ஓரம், வலப்பக்கம் ஒருக்களித்து. இடது கன்னம் மேலே இருக்கும். கல்யாணமான புதிதில் அப்படிப் படுக்க மாட்டாள். இடது பக்கத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டு மூச்சு முட்டத் தூங்குவாள். ஒரு நாள் முன்தர் தலையணையை மெதுவாக உருவி எடுத்துவிட்டுச் சொன்னார். எதை மறைக்கிறே ஹியாம், அங்கே ஒண்ணுமே இல்லையே, என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல.

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இருபத்திரண்டு வருடமாக அவள் முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினாள். உலகத்தில் ஒரே ஒருத்தர் முன்னால். இந்த லேசருக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோதும், எதுக்கு, எனக்கு எதுவும் தெரியலையே என்றுதான் சொன்னார். அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

தங்கை செய்ததை அவள் மன்னித்துவிடலாம். திட்டலாம், ஒரு வருடம் பேசாமல் இருக்கலாம், பிறகு மன்னிக்கலாம். இது அப்படி இல்லை. இது அடிமடியிலேயே கை வைத்த வேலை.

ஆனாலும் மனசு ஒரு ஓரத்தில் வக்கீலாகி வாதாடிக்கொண்டிருந்தது. வட்டம் கை தவறிப் பட்டதாகவே இருக்கட்டும். படத்தை வேறு யாரோ எடுத்ததாகவே இருக்கட்டும். கேட்டுப் பார்க்காமல் எப்படி ஒருத்தரைத் தீர்மானிப்பது?

இரண்டரைக்கு முன்தர் சாப்பிட வந்தார். கையில் சூடான ரொட்டிப் பொட்டலம். வாசலிலேயே, "விஸால் வந்தாளா? கிரீம் போட்டாச்சா?" என்று கேட்டார். போட்டாச்சு என்றாள் ஹியாம். ஜன்னல் திரைகளை இழுத்து விட்டிருந்ததால் அவருக்கு அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. வெயில் ஆகாதல்லவா என்று அவராகவே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார்.

முலூக்கியாக் கீரைக் குழம்பையும் சோற்றையும் எடுத்து வைத்தாள். எலுமிச்சம்பழத்தை வெட்டிக் கொடுத்தாள். கடையில் உதவிக்கு இருப்பவன் லீவு போட்டதையும், ஜுமான் காலையில் போன் செய்து நிச்சயதார்த்த உடைக்கு ஏதோ துணி நிறம் கேட்டதையும் அவர் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். பசியில் இருந்தார். நல்ல மனநிலையிலும் இருந்தார்.

ஹியாம் ரொட்டியைக் கிழித்து அவர் பக்கம் நகர்த்தினாள். உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"முன்தர், என் இடது காதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அதுவா, சின்னக் குழி. பயறு அளவுதான் இருக்கும். முடி மறைச்சிடும், கவலைப்படாதே."

சொல்லிவிட்டு இன்னொரு வாய் எடுத்தார். கரண்டி பாதி வழியில் நின்றது.

ஹியாம் அழவில்லை. அழுதால் உப்பு பட்டுக் கன்னம் எரியும் என்பதால் அல்ல, அழுகை வரவே இல்லை. உள்ளே எங்கோ ஒரு தலையணையை யாரோ உருவிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

"ஒண்ணும் தெரியலைன்னு சொன்னீங்களே," என்றாள்.

"ஹியாம், இங்க பாரு..."

"வட்டம் போட்டது கோணலே இல்லாம ரொம்ப அழகா இருந்துச்சு."

அவர் எதையோ ஆரம்பித்தார். கலவை நல்லதுதான், எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன், உனக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் என்று வார்த்தைகள் ஒன்றோடொன்று இடறி வந்தன. ஹியாம் எழுந்துபோய்த் தலைத்துணியை முகத்துக்கு நிழல் விழும்படி முன்னால் இழுத்துக் கட்டிக்கொண்டாள். கைப்பையைத் திறந்து, வெள்ளைப் புட்டியை அதில் வைத்தாள். டாக்டரிடம் போக அவள் வரச்சொல்லியிருந்த டாக்ஸி கீழே ஹாரன் அடித்தது.

எங்கே போகிறாய் என்று கேட்பார் என நினைத்தாள். முகம் எப்படி இருக்கிறது, எரிகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் அவள் ஒரு நிமிடம் நின்றிருப்பாள். இவ்வளவுக்குப் பிறகும் நின்றிருப்பாள்.

முன்தர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்து கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார்.

"நீ எங்க வேணா போ. அந்தப் புட்டிய மட்டும் குடுத்துட்டுப் போ."

கையை நீட்டினார். மில்லிகிராம் கணக்கில் மருந்து நிறுக்கிற கை. அது நடுங்கி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.